விடுதி நிரம்பிவிட்டதா? அடுத்த வரியையும் சொல்லுங்கள்

சென்னைக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் விடுதிப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கல்வித்துறையைச் சேர்ந்தவன் இல்லை. தென்காசிப் பக்கமிருந்து பிழைப்புக்காகச் சென்னை வந்து சூளைமேட்டில் குடியிருப்பவன்; அச்சகத்தில் வேலை. ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்கு இங்கே சீட் கிடைத்தாலும், உங்கள் அலுவலகத்தில் பணம் கட்டிய கையோடு எனக்குத்தான் போன் வரும். "எய்யா, பயலுக்கு ஒரு ரூம் பாத்துக் குடுய்யா." பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்திலிருந்து பொறியியல் கலந்தாய்வு முடியும் வரை எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. டு-லெட் பலகையைப் பார்த்தாலே வண்டியை நிறுத்திவிடுவேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரிக் கையேடுகளை நாங்களும் அச்சடித்திருக்கிறோம். ஆய்வகம், நூலகம், விளையாட்டு மைதானம், வேலைவாய்ப்பு முகாமுக்கு வந்த கம்பெனிகளின் சின்னங்கள் என்று வழவழப்பான தாளில் பக்கம் பக்கமாகப் போகும். தங்குவதைப் பற்றி ஒரே ஒரு வரி: விடுதி வசதி உண்டு, இடங்கள் குறைவு. பதினேழு வயதுப் பிள்ளை அடுத்த மூன்று நான்கு வருடம் எந்தத் தெருவில் தூங்கி எழும், எந்தத் தண்ணீரைக் குடிக்கும், ராத்திரி எந்த வழியாக நடந்து வரும் என்பதைப் பற்றி அந்த வரிக்குப் பிறகு ஒரு சொல் கிடையாது. அதையெல்லாம் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கும் புரோக்கர் முடிவு செய்கிறார். இல்லாவிட்டால் என்னை மாதிரி ஊர்க்காரன் யாராவது.

புது விடுதி கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. கட்டினால் சந்தோஷம், அதற்கு இடமும் பணமும் வேண்டும் என்பது தெரியும். வெளியே தங்கப்போகும் பிள்ளைக்கு எந்த ஏரியா சரிப்படும், எது சரிப்படாது என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்கிறேன். உங்கள் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வருடா வருடம் குடியிருப்பவர்கள் உங்கள் மாணவர்கள்தான். அவர்களுக்குத் தெரிந்தது புதிதாக வருகிறவனுக்கு மட்டும் ஏன் தெரியாமல் போக வேண்டும்?

ஊரிலிருந்து வரும் அப்பாக்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்பார்கள்: காலேஜுக்குப் பக்கமா? சென்னையில் இந்தக் கேள்வியே ஆளை ஏமாற்றிவிடும். நுங்கம்பாக்கத்தில் படிக்கும் பையனுக்கு வரைபடத்தில் வளசரவாக்கம் பக்கம், பல்லாவரம் தூரம். ஆனால் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் அரைமணி நேரத்தில் நுங்கம்பாக்கம். டிக்கெட் 5 ரூபாய், 10 ரூபாய். வளசரவாக்கத்திலிருந்து காலை எட்டரை மணிக்கு ஆற்காடு சாலை வழியாக வந்து பார்க்கட்டும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை தொடங்கியதிலிருந்து அந்தச் சாலை பட்ட பாடும் அதில் போனவர்கள் பட்ட பாடும் கொஞ்சமில்லை. சென்னையில் மாணவன் கிலோமீட்டரைப் பார்க்கக் கூடாது, தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். கடற்கரை–தாம்பரம் தடத்தில் மட்டும் எத்தனை கல்லூரிகள் என்று பாருங்கள்: சேத்துப்பட்டில் இறங்கினால் பச்சையப்பன், நுங்கம்பாக்கத்தில் லயோலா, மீனம்பாக்கத்தில் ஜெயின், குரோம்பேட்டையில் எம்.ஐ.டி., தாம்பரத்தில் கிறித்துவக் கல்லூரி. இன்னும் தெற்கே போனால் பொத்தேரியில் ரயிலை விட்டு இறங்கினாலே எஸ்.ஆர்.எம். இந்தத் தடத்தில் எந்த நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் அறை கிடைத்தாலும் பிள்ளை பிழைத்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு, பராமரிப்பு என்று அவ்வப்போது ரத்தும் செய்வார்கள். அன்றைக்குக் கல்லூரியும் இல்லை, விடுங்கள்.

நான் குடியிருக்கும் இடத்தையே சொல்கிறேன். நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே லயோலா, மேற்கே சூளைமேடு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும் வாடகைக்கும் இந்தப் பக்கம் கேட்கும் வாடகைக்கும் சம்பந்தமே இருக்காது. சூளைமேட்டுச் சந்துகளில் மாடி மேல் மாடியாக மாணவர்கள், சினிமாவில் வாய்ப்புத் தேடுபவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். இட்லிக்கடை ராத்திரி பதினொரு மணிக்கும் உண்டு. இங்கே மூன்று வருடம் இருந்த சீனியரைக் கேட்டால், எந்தச் சந்தில் மழைத்தண்ணீர் நிற்கும், எந்த மெஸ்ஸில் ஞாயிறு மதியம் சாப்பாடு கிடையாது என்பது வரை சொல்வான். அந்த சீனியரும் இந்த ஜூனியரும் சந்தித்துக்கொள்ள உங்கள் கல்லூரியில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதும்.

திருவல்லிக்கேணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாநிலக் கல்லூரிக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் நடந்தே போய்விடலாம். பறக்கும் ரயில் நிலையம் பக்கத்தில். அங்கிருக்கும் மேன்ஷன்களைப் பற்றிக் கதை கதையாகக் கேட்டிருப்பீர்கள். அறை சின்னது, குளியலறை பொது, கோடையில் மொட்டைமாடியில் படுத்தால்தான் தூக்கம் வரும். எல்லாம் உண்மை. இருந்தாலும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மேன்ஷன் மேலாளர் அடையாள அட்டையைக் கேட்பார், அட்வான்ஸைக் கேட்பார், சாவியைக் கொடுத்துவிடுவார். வேறு எதையும் கேட்க மாட்டார்.

வீடுகளில் அப்படி இல்லை. போன வருடம் கோடம்பாக்கம் தாண்டி ஒரு தெருவில் மாடி அறை பார்க்கப் போயிருந்தோம். பையன், அவன் அப்பா, நான். அறை நல்ல அறை. இரண்டு பக்கமும் ஜன்னல். வீட்டுக்காரர் முதலில் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். பிறகு என்ன சாப்பிடுவான் என்று கேட்டார். "எல்லாம் சாப்பிடுவான் சார், மேல சமைக்க மாட்டான்" என்றேன். "எந்த ஊரு?" "தென்காசிப் பக்கம்." "அது சரி, அங்க எந்த ஆளுங்க?" பையனின் அப்பா பதில் சொல்லவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார். பையன் அவரைப் பார்த்தான். "யோசிச்சுச் சொல்றோம் சார்" என்று சொல்லிவிட்டு நான்தான் முதலில் படியிறங்கினேன்.

முதல்வர்களே, சேர்க்கையன்று இடஒதுக்கீட்டுப் பட்டியலைச் சரியாக ஒட்டுகிறீர்கள். வகுப்பறைக்குள் யாரும் யாரையும் அந்தக் கேள்வி கேட்கக் கூடாது என்று குழு வைத்திருக்கிறீர்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தப் பையன் உங்கள் வகுப்பில் உட்காருவதற்கு முன்பே, உங்கள் வாசலிலிருந்து சில தெரு தள்ளி, அந்தக் கேள்வியைச் சந்தித்துவிடுகிறான். அப்படிக் கேட்காமல் வீடு கொடுக்கும் உரிமையாளர்களும் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் யார் யார் என்ற பட்டியல் பழைய மாணவர்களிடம் வாய்வழியாக உலவுகிறது. அதை எழுதி வைப்பதில் என்ன கஷ்டம்?

அடுத்து தண்ணீர். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கல்லூரி கிடைத்த பிள்ளைகளின் பெற்றோர் பளபளவென்று இருக்கும் பிஜி (தனியார் நடத்தும் கட்டண விடுதி) கட்டடங்களைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். மூன்று பேர் அறை, ஏசி, வைஃபை, மூன்று வேளைச் சாப்பாடு. குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள் என்பேன். பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். மற்றதெல்லாம் லாரி கொண்டுவந்து கொட்டுவது, குடிக்கக் கேன். லாரி வராத நாளில் காலை எட்டு மணி வகுப்புக்குக் குளிக்காமல்தான் போக வேண்டும். இதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள். அங்கே படித்த எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளமும் அப்படித்தான். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன நடந்தது என்பதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் எத்தனை நாள் தண்ணீரில் நின்றன என்பதும் சென்னைவாசிகளுக்கு மறக்காது. வெளியூர் அப்பாவுக்கு வேளச்சேரி என்றால் பறக்கும் ரயில் உண்டு, பெரிய கடைகள் உண்டு, அவ்வளவுதான். வேளச்சேரியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மேடான தெருக்கள் அங்கேயும் இருக்கின்றன. தரைத்தள அறை பார்க்கும்போது சுவரைப் பார்க்கச் சொல்வேன். ஒருமுறை அங்கே ஒரு அறையில் மேல் சுவரெல்லாம் பழைய மஞ்சள், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் பளிச்சென்று புதுப் பச்சை. டிசைன் என்றார் காட்டிய ஆள். பிளக் பாயின்ட்டுகளையும் மேலே தூக்கி வைத்திருந்தார்கள். சென்னையில் வெள்ளம் வரும் நவம்பர், டிசம்பரில்தான் உங்கள் செமஸ்டர் தேர்வும் வருகிறது. 2015லும் 2023லும் தேர்வுகளைத் தள்ளி வைத்தீர்களே, அப்போது எந்தெந்தத் தெருப் பிள்ளைகளின் புத்தகம் நனைந்தது என்று யாராவது குறித்து வைத்தீர்களா?

ஊர்க்காரர்களிடம் உலவும் ஒரு பழைய யோசனையை நீங்கள் மாற்றிச் சொன்னால் புண்ணியமாகப் போகும். "கோயம்பேடு பக்கமா பாரு, ஊருக்குப் பஸ் ஏற வசதி." கோயம்பேட்டில் பேருந்து நிலையம் வந்த 2002இலிருந்து இருபது வருடத்துக்கு இது சரியான யோசனைதான். அரும்பாக்கம், எம்.எம்.டி.ஏ. காலனி, சூளைமேடு எல்லாம் தென்மாவட்டப் பிள்ளைகளால் நிரம்பியதற்கு இதுவும் ஒரு காரணம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததும் அந்தக் கணக்கு மாறிவிட்டது. தென்மாவட்டத்து அரசுப் பேருந்துகளுக்கு இப்போது வண்டலூர் தாண்டிப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு அரும்பாக்கத்திலிருந்து கிளாம்பாக்கம் போவதற்குள் பிள்ளைக்கு ஊருக்குப் போகும் ஆசையே விட்டுப்போகும். இன்றைக்கு மதுரை, நெல்லைப் பிள்ளைக்குத் தாம்பரமோ குரோம்பேட்டையோ பல்லாவரமோதான் வசதி. ஆனால் ஊரில் இருக்கும் மாமாக்கள் இன்னும் கோயம்பேட்டிலேயே நிற்கிறார்கள்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய நோய். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. அந்த 'எழுதிக்கொள்ளாவிட்டால்' போதாதா? எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்தை அரசு இலவசமாகத் தருகிறது. மாடி அறையில் இருக்கும் மாணவன் வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டரில் முதல் யூனிட்டிலிருந்தே பணம் கட்டுகிறான். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகை போகும். இதையெல்லாம் நீங்கள் ஒழிக்க முடியாது. கையெழுத்துப் போடும் முன்பு என்ன என்ன கேட்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். சட்டத்துறை இருக்கும் கல்லூரிகளுக்கு இது ஒரு மதிய வேலை.

பெண் பிள்ளைகள் என்று வந்தால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விடுதி நடத்துபவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. நான் போய்ப் பார்த்த பிஜிக்களில் உரிமத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால் சிலர் உடனே பிரேம் போட்டு மாட்டியிருப்பதைக் காட்டுவார்கள். சிலர், "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று திருப்பிக் கேட்பார்கள். தனி ஆளாக நான் கேட்டால் அப்படித்தான். ஒரு கல்லூரியின் பெயரில் கடிதம் போனால் கதையே வேறு. உரிமம் உள்ள இடங்களை மட்டும் எங்கள் மாணவிகளுக்குச் சொல்வோம் என்று நீங்கள் அறிவித்தால், உரிமம் இல்லாதவர்கள் தாமாக ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவார்கள். காலியான கட்டில்தான் அவர்களுக்குப் பெரிய பயம்.

ரயிலைச் சொன்னால் பெற்றோர் 2016இல் நுங்கம்பாக்கம் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொலை செய்யப்பட்டதைச் சொல்வார்கள். அவர்கள் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பயந்துபோய் நகரத்துக்கு வெளியே, நிலையமும் கடையும் இல்லாத புது நகர் ஒன்றில், 'அமைதியான இடம்' என்று அறை எடுக்கிறார்கள். அமைதியான இடத்தில் ராத்திரி எட்டு மணிக்கு நாயைத் தவிர யாரும் இல்லை. பெண் பிள்ளைக்கு அறை பார்க்கும்போது நான் பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை அந்தத் தெருவில் நடப்பேன். டீக்கடை, மருந்துக்கடை, மாவு அரைக்கும் கடை, இஸ்திரிப் பெட்டியோடு ஒரு தள்ளுவண்டி இருந்தால் சரி. எல்லா வீட்டிலும் கேட் பூட்டி, கேமரா மட்டும் விழித்திருக்கும் தெரு என்றால் வேறு இடம் பார்ப்போம் என்பேன். மேற்கு மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் குரோம்பேட்டை நிலையத்தை ஒட்டியும் முதல் வகைத் தெருக்கள் நிறைய. சைதாப்பேட்டைக்கு இன்னொரு வசதி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் தூரமில்லை. சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய் உட்கார்ந்து படிக்கலாம். அறையில் மூன்று பேர் இருக்கும் பிள்ளைக்கு அது இன்னொரு வீடு.

பட்டப்படிப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்துபோக இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் ரயில்வேயில் இலவசம். கல்லூரி மாணவர்களுக்குச் சீசனில் பாதிக் கட்டணம். விடுமுறைக்குச் சொந்த ஊர் போக, பொதுப்பிரிவினருக்குப் பாதியும் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு முக்கால் பங்கும் சலுகை. எல்லாவற்றுக்கும் கல்லூரித் தலைவரின் சான்றிதழ் வேண்டும், அதாவது உங்கள் கையெழுத்து. எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும் என்று முதலாண்டு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரு கல்லூரி அலுவலகத்தில் இந்தச் சான்றிதழ் கேட்டுப் போன மாணவியை, எதற்கும்மா பஸ்ஸுதான் பெண்களுக்கு ஃப்ரீ ஆச்சே என்று திருப்பி அனுப்பினார்கள். 2021 மே மாதத்திலிருந்து மாநகரச் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது வாஸ்தவம். அதற்காக ரயில் சலுகையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று யார் சொன்னது? ரயில் செலவு இல்லையென்றால் அந்தப் பெண் இரண்டு நிலையம் தள்ளிப் போய், வாடகை குறைந்த நல்ல அறையில் இருந்திருப்பாள்.

கலைக் கல்லூரிகள் ஷிப்ட்டையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காலை ஷிப்ட் பிள்ளை மதியம் சாப்பாட்டுக்கு அறைக்கு வந்துவிடும். அதற்கு மெஸ் உள்ள ஏரியா வேண்டும், மாசக் கடைசியில் பக்கத்தில் ஒரு அம்மா உணவகம் இருந்தால் உத்தமம். இரண்டாவது ஷிப்ட் பிள்ளை கல்லூரியை விட்டு வெளியே வரவே ஆறு, ஆறரை ஆகிவிடும். எட்டு மணிக்குக் கேட் பூட்டும் பிஜி அதற்கு ஆகாது. எந்த ஷிப்ட் என்பதை வகுப்பு தொடங்கும் வாரத்தில் சொன்னால் நாங்கள் எந்தக் கணக்கை வைத்து அறை பார்ப்பது?

இதெல்லாம் எங்கள் வேலையா என்று நீங்கள் கேட்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகள் வளாகத்துக்கு வெளியே நடப்பதையும் விட்டுவைக்கவில்லை. வெளியே தங்கும் மாணவன் தப்புச் செய்தால் கல்லூரி விசாரிக்கும். பேருந்தில் ரகளை என்றால் பெற்றோரைக் கூப்பிடும். கண்டிக்க மட்டும் வாசலைத் தாண்டி வர முடிகிறது என்றால் வழி சொல்லவும் வரலாம்.

கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒரே ஒரு பக்கம். கல்லூரிக்கு எந்தெந்த நிலையம், எந்தப் பேருந்து, கடைசி வண்டி எப்போது. எந்தத் தெருக்களில் மழைத்தண்ணீர் நிற்கும். உரிமம் உள்ள விடுதிகள் எவை. போன வருடம் மாணவர்கள் கட்டிய வாடகை என்ன. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். மரக்கன்று நடும் நாட்களில் ஒன்றிரண்டை இதற்கு ஒதுக்கினால், ஏப்ரலில் இறுதியாண்டுப் பிள்ளைகள் அறையைக் காலி செய்வதற்கு முன்பே எந்த அறை காலியாகிறது என்ற விவரமும் சேர்ந்து கைக்கு வந்துவிடும். பாதி வேலை புரோக்கருக்கு முன்னாலேயே முடிந்தது.

இது எதுவும் இந்த வருடம் முடியாது, குழு போட வேண்டும், ஒப்புதல் வாங்க வேண்டும் என்றால், சரி, அடுத்த வருடம் செய்யுங்கள். ஒன்றை மட்டும் இந்த வருடமே செய்துவிடுங்கள். விடுதியில் இடம் உண்டா இல்லையா என்பதைச் சேர்க்கை நடக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பட்டியல் பிறகு வரும் என்று ஒரு கல்லூரி சொன்னதை நம்பி, ஒரு விவசாயி லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு மகனோடு வாரக்கணக்கில் காத்திருந்தார். பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்தபோது பக்கத்து ஏரியாவில் ஒரு கட்டில்கூட மிச்சமில்லை. முதல் நாளே இல்லை என்று சொல்லியிருந்தால், அன்று சாயங்காலமே நாங்கள் தெருவில் இறங்கித் தேடியிருப்போம்.

இப்படிக்கு,
ஊர்ப் பிள்ளைகளுக்கு அறை தேடித் தரும் ஒருவன்,
சூளைமேடு, சென்னை